பாதி வயிற்றோடு கை நனைத்த கதை

அறுபதுகளின் தொடக்கம். புதுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். அப்போதெல்லாம் என்னைத் தெரிந்தவர்கள் முதலில் சொல்வது என் சாப்பாட்டைப் பற்றித்தான். கல்யாணப் பந்தியில் நான் உட்கார்ந்தால், பரிமாறுகிறவர் வாளியோடு என் பக்கத்திலேயே நின்றுவிடுவார். மற்ற நாளில் டிரிப்புக்கு டிரிப் டீயை ஊற்றிக்கொண்டு, சோற்றை நேரங்கெட்ட நேரத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டால் வயிறு சும்மா விடுமா? குடலில் புண் வந்தது. ஒருநாள் ரத்த வாந்தியே எடுத்துவிட்டேன். மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் என் இரைப்பையில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்தால் தொல்லை முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஐயோ, அப்புறம்தானே ஆரம்பமே! முதலில் ஸ்பூனால் தண்ணீர், பிறகு கஞ்சித் தெளிவு, பிறகு குழைந்த சோறு. கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடு, நன்றாக மென்று விழுங்கு, சோற்றோடு தண்ணீர் குடிக்காதே, இனிப்பைத் தொடாதே என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எனக்கென்ன சர்க்கரை வியாதியா, இனிப்பை ஏன் விடச் சொல்கிறார் என்று புரியவில்லை. கேட்கவும் இல்லை. நாலு வாய் உள்ளே போனதும் வயிறு 'ஹோல்டான்' என்று விசில் ஊதிவிடும். அதற்கு மேல் ஒரு பருக்கை ஏறாது. ஆனால் ஆசை மட்டும் பழைய ஆசை. கண் பந்தி கேட்கும், வயிறு கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடை அளவுதான் கேட்கும்.

உடம்பு வற்றிப்போய், காக்கிச் சட்டைக்குள் என்னைத் தேட வேண்டியிருந்தது. பஸ்ஸில் ஏறுகிறவர்களெல்லாம் டிக்கெட் வாங்குவதற்கு முன்னால், "என்னங்க இப்படி எளைச்சுட்டீங்க?" என்று ஒரு துக்கம் விசாரித்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் என் தங்கைக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. அன்னவாசல் பக்கம் ஒரு குடும்பம். மாப்பிள்ளை வாத்தியார். பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், அவர்களுக்குப் பிடித்துவிட்டது. தங்கைக்கும் பிடித்துவிட்டது. வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் குழம்பில் ஒருநாள் உப்பு தூக்கல், ஒருநாள் உப்பே கிடையாது. தெரியாதா நமக்கு!

இனி நாங்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க் கை நனைக்க வேண்டும். பேச்சு முடிவாகிற வரைக்கும் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டோம். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சாப்பிடாமல் எழுந்தால் எங்களுக்கு இஷ்டமில்லை என்று அர்த்தம். அப்பா இல்லாத வீடு. அண்ணன் நான்தான் போய் இலையில் உட்கார வேண்டும்.

என் ஆத்தாவுக்கு வேறு பயம். "ஆபரேசன்னு மூச்சு விட்றாதடா. சீக்காளிக் குடும்பம்னு பொண்ணைத் தட்டிக் கழிச்சிருவாங்க" என்றார். துணைக்கு வந்த தாய்மாமா பஸ்ஸிலேயே திட்டம் போட்டுவிட்டார். அவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாராம், நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்க வேண்டுமாம். பிசைகிறவனைப் பார்த்தால் சாப்பிடுகிறவன் மாதிரியே இருக்குமாம்!

மாப்பிள்ளையின் அம்மா வாட்டசாட்டமான மனுஷி. பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். இலை போட்டதுமே, "நல்ல காரியம், இனிப்பைத் தொட்டுத்தான் ஆரம்பிக்கணும்" என்று ஒரு டம்ளர் நிறையப் பாயசத்தை என் கையில் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அதுவும் எத்தனை மாதம் கழித்துப் பார்க்கிற பாயசம்! ஒரே மூச்சில் குடித்துவிட்டேன்.

மாமா மழையைப் பற்றிப் பேசினார், மாட்டைப் பற்றிப் பேசினார். நான் பிசைந்தேன். ரெண்டு வாய்தான் போட்டிருப்பேன், திடீரென்று நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. உச்சந்தலையிலிருந்து வேர்வை கொட்டியது. கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. இதற்குத்தான் டாக்டர் இனிப்பைத் தொடாதே என்றார் போலிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. உறைத்து என்ன செய்ய? பாதி இலையில் எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து, அங்கே கிடந்த பெஞ்சில் சாய்ந்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் பெரியப்பா மெதுவாக மாமாவிடம் கேட்டார். "ஏங்க, தம்பிக்கு இருமல் கிருமல் உண்டா?"

"சேச்சே, வெயில்ல வந்தது" என்று மாமா இழுத்தார். பெரியப்பா நம்பவில்லை. பின்கட்டிலிருந்து யாரோ 'எலும்புருக்கி' என்று கிசுகிசுத்தது என் காதிலேயே விழுந்தது. அந்த நோயின் பேர் ஒரு வீட்டின்மேல் ஒட்டிக்கொண்டால், அந்த வீட்டுப் பெண்ணை அப்புறம் யார் கட்டுவார்கள்? உப்பில்லாத குழம்பை வைத்துவிட்டு எனக்காகக் காத்திருப்பவளை நினைத்ததும் அழுகையே வந்துவிட்டது. ஆத்தா சொன்னதாவது, மாமா போட்ட திட்டமாவது! எழுந்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, பனியனையும் தூக்கிக் காட்டிவிட்டேன்.

"டி.பி. இல்லைங்க. வயித்துப்புண்ணு. ஆபரேசன் பண்ணி பாதி வயித்தை எடுத்துட்டாங்க. சொன்னா எங்க தங்கச்சியை வேணாம்னுருவீங்களோன்னு சொல்லல."

நெஞ்சுக்குக் கீழே ஆரம்பித்துத் தொப்புள் வரைக்கும் தழும்பு, இரண்டு பக்கமும் தையல் தடம். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் கிட்டே வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஏந்தம்பி, எங்க வீட்ல நெல்லு மூட்டை தைக்கிறவன் கூட இதை விட நேராத் தைப்பானே!"

அவ்வளவுதான். முதலில் மாமா சிரித்தார், பிறகு மாப்பிள்ளை சிரித்தார். நானும் சிரித்தேன், சிரித்ததில் தழும்பு சுரீரென்று இழுத்தது. பெரியப்பாவுக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை. "அதெல்லாம் சரிதான், பாதி எலையில எந்திரிச்சாச்சே. கை நனைச்சதா எப்படி எடுத்துக்கிறது?" என்றார்.

அந்த அம்மா திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! "கைதானே நனையணும்? வயித்தையா நனைக்கச் சொன்னோம்?"

என்னைச் சற்று நேரம் படுக்க வைத்தார்கள். படபடப்பு தானாக அடங்கியது. பிறகு அந்த அம்மா, தன் பேத்திக்குச் சோறூட்டுகிற சின்னப் பித்தளைக் கிண்ணியில் மோர்ச்சோற்றை நன்றாகக் குழைத்து எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "இங்கிட்டு யாரும் ஒங்களை விரட்டலை. மெதுவா மென்னு சாப்பிடுங்க" என்றார். மூன்று வாய் சாப்பிட்டேன். அவரே செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற, கை கழுவினேன். "நனைஞ்சிருச்சு பாத்துக்கங்க. எந்திரிச்சு நாள் பாருங்க" என்று பெரியப்பாவை விரட்டினார்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது, மாப்பிள்ளையின் அம்மா எனக்கும் அத்தையானார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு அந்தக் கிண்ணிதான். எத்தனை பேர் வந்திருந்தாலும், "கண்டக்டர் தம்பி கிண்ணி எங்கே?" என்று அத்தையின் குரல் தெரு முழுக்கக் கேட்கும். என் தங்கை பிள்ளைகள் அதற்குச் சண்டை போட்டுக்கூடக் கிடைத்ததில்லை. போகப் போக என் வயிறும் கொஞ்சம் இடம் விட்டது, உடம்பில் சதை பிடித்தது. எந்த வீட்டு இலையில் உட்கார்ந்தாலும், "எனக்குப் பாதி வயிறுதாங்க" என்று முதலிலேயே சொல்லிவிடப் பழகிக்கொண்டேன். கேட்டுச் சிரிக்காத வீடு இல்லை. கோபித்துக்கொண்ட வீடும் இல்லை.

அத்தை போய்ச் சேர்ந்த பிறகு, தங்கை அந்தக் கிண்ணியை என்னிடமே கொடுத்துவிட்டாள். காலைக் கஞ்சி எனக்கு இன்றைக்கும் அதில்தான். மருமகள் கழுவித் தருகிறேன் என்றாலும் விடமாட்டேன். குடித்து முடித்து நானே கழுவுகிறேன், தினம் ஒருமுறை அந்த வீட்டில் கை நனைத்த மாதிரி இருக்கிறது.