சட்டம் ஆளோடு வரும்

கான் ஹொய் பாலத்தில் பாதி தூரம் நடந்துவிட்டிருந்தேன். தோளில் துணிப்பை, காதில் இன்னும் முதலாளி முசியேயின் கத்தல்: "போ தம்பி, இனி இந்தப் படி ஏறாதே." வாடகை மோட்டார் பைக் ஓட்டுகிறவர்கள் கூப்பிட்டதற்குத் தலையைக்கூட ஆட்டவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் முன்பு ஆண்ட அந்தத் தென்கிழக்காசிய நகரத்தில், இரண்டு வருஷம் அவருடைய மொழிபெயர்ப்புக் கடையில் கணினியையும் இணைப்புகளையும் பார்த்துக்கொண்டவன் நான். அதற்கு முன் எத்தனையோ ஊர்களில் வேலையை விட்டிருக்கிறேன், தப்பு பெரும்பாலும் என்னுடையதுதான். இங்கே நல்லது செய்யப் போய் வெளியே வந்தேன்.

முசியே காரைக்கால்காரர், பிரெஞ்சுக் குடிமகன். அவர் மகள் பிரான்சில் ஒரு வட்டாரத் தொலைக்காட்சியில் செய்தி வாசித்தாள். அவளுடைய தாயின் அடக்கத்துக்கு அவர் போய்ச் சேராததால் ஏழு வருஷமாக அவரோடு பேச்சில்லை. அவளைப் பார்க்க மிச்சமிருந்த ஒரே வழி அந்தத் தொலைக்காட்சியின் இணையதளம். திறந்தால், உங்கள் நாட்டில் இது கிடைக்காது என்று ஒரு வரி வரும்.

அதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இணையத்தில் போகிற எதையும் பாகுபாடு பார்த்து மறிக்கக் கூடாது என்று ஐரோப்பியச் சட்டம் சொல்கிறதாம். அச்செடுத்து, சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருந்தார். "அது அங்கே இருக்கிறவங்களுக்கு, முசியே" என்றேன். சிரித்தார். "எங்க தாத்தா காரைக்கால்ல, சாதி வழக்கச் சட்டம் வேணாம்னு கையெழுத்துப் போட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்குள்ள போனவரு. பக்கத்து வீட்டுக்கு ஒரு சட்டம், எங்க வீட்டுக்கு வேற, தெரு ஒண்ணுதான். சட்டம் ஆளோட வரும் தம்பி, மண்ணோட கெடக்காது. நீ எத்தனாவது படிச்சே?" எட்டாவது என்றேன். "அதான்."

மனுமேல் மனு எழுதினார். பதில்கள் மரியாதையாகவே வந்தன: சட்டம் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் இணைப்புத் தருகிறவர்களைத்தான் கட்டுப்படுத்தும், நிகழ்ச்சியைத் தன் நாட்டோடு நிறுத்திக்கொள்வது தொலைக்காட்சியின் உரிமை. அவர் அடுத்த மனுவுக்குத் தாளை எடுப்பார்.

நான் வெளியேறிய அன்று மதியம், பொறுக்க முடியாமல், எங்கள் கணினி பாரிஸில் இருப்பதாகக் காட்டும் சுற்றுவழி ஒன்றைப் போட்டுத் திறந்தேன். மகள் வந்தாள். முன்தலையில் நரை. எங்கோ ஆற்றில் வெள்ளம் என்று வாசித்துக்கொண்டிருந்தாள். முசியே நாற்காலியை இழுக்கவும் மறந்து நின்றார். "அவங்க அம்மா மாதிரியே கழுத்தைச் சாய்க்கிறா." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒத்துக்கிட்டாங்களா?"

உண்மையைச் சொன்னேன். கணினியைப் படீரென்று மூடினார். "எம் பொண்ணைப் பார்க்க, இல்லாத ஊர்ல இருக்கேன்னு நான் பொய் சொல்லணுமா?"

"அவ முகமுமா பொய்? பார்த்துட்டு அப்புறம் சண்டை போடுங்க முசியே!" என்று கத்தினேன். அதற்குத்தான் அந்தப் "போ".

இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அது செரிக்கவில்லை. நான் போன பிறகாவது யாரையாவது விட்டுத் திறந்திருப்பாரா என்றால், மாட்டார். அவரை எனக்குத் தெரியும்.

பாலத்தைக் கடந்த மறுநாள் காலை, பக்கத்து மாகாணமான பின் யுவோங்கில், சாலையோரம் பள்ளம் வெட்டி இணையக் கம்பி புதைக்கும் கூட்டத்தில் சேர்ந்தேன். இது எங்கே போகிறது என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "எல்லா ஊருக்கும்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைக் கையில் கொடுத்தான்.