குண்டம்மாவின் மூச்சு

கடைகளின் எடைத் தராசுகளைப் பழுதுபார்ப்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் தராசுக்காரர். மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. வெளியூர் மகனிடமிருந்து மாதம் ஒரு தடவை போன் வரும். அது "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்பதோடு முடிந்துவிடும். வீட்டில் அவரும் குண்டம்மாவும்தான்.

குண்டம்மா, மனைவி ஆசைப்பட்டு வாங்கிய புல்டாக். சப்பை மூக்கு, தொங்கும் கன்னம், எந்நேரமும் யாரையோ கோபித்துக்கொண்ட மாதிரி ஒரு முகம். தூக்கத்தில் மட்டுமல்ல, விழித்திருக்கும்போதும் கொர்கொர்ரென்று ஒரு சத்தம். வேலை முடிந்து கதவைத் திறந்ததும் அதுதான் முதலில் காதில் விழும். "அப்பாடா, வீட்ல ஆள் இருக்கு" என்று வாய்விட்டே சொல்வார்.

குண்டம்மாவுக்கு ஆபரேஷன் செய்துதான் குட்டிகளை எடுத்தார்கள். இரண்டு ஆண் குட்டிகள். டாக்டரம்மா அவற்றின் வாயைத் திறந்து பார்த்தார். "மேலண்ணம் பிளந்திருந்தா பொறந்த அன்னைக்கே தெரிஞ்சிடும். ரெண்டும் தப்பிச்சுது."

ஆறாவது வாரத்தில் சின்னவனின் இதயத்துடிப்பில் ஏதோ இரைச்சல் கேட்டது. சிலதுக்கு வளர வளர அது போய்விடும், நாலு மாதத்தில் மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. பெரியவனிடம் ஒரு குறையும் இல்லை. எட்டாவது வாரத்தில் பேக்கரிக்காரம்மா வீட்டுக்குப் போனான். சின்னவனின் இரைச்சலும் நாலாவது மாதத்தில் காணாமல் போக, அவனை ஒரு கணக்கு டீச்சர் வாங்கிக்கொண்டார். தராசுக்காரருக்கு நிம்மதி.

பதினாலாவது மாதம் பேக்கரிக்காரம்மாவின் போன். "அண்ணே, நாலு படி ஏறினதும் விழுந்துட்டான்ணே! நாக்கெல்லாம் நீலமா இருக்கு!"

பிரித்துப் போட்ட தராசை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்த பிறகுதான் பெரியவன் கண் திறந்தான்.

"நல்லா இருக்கான்னு நீங்கதானே டாக்டர் எழுதிக் குடுத்தீங்க?" என்றாள் பேக்கரிக்காரம்மா.

"அப்ப நல்லாத்தாம்மா இருந்தான். இந்த மூச்சுக் கோளாறு எட்டு வாரத்துல பிடிபடாது. உடம்பு வளந்து, ஒரு வயசு வாக்குலதான் வெளிய வரும். முன்னாடியே தெரியணும்னா பெத்த தாயைத்தான் சோதிக்கணும்." டாக்டரம்மா தராசுக்காரர் பக்கம் திரும்பினார். "தாய்க்கு மூச்சு எப்படி இருக்கு?"

"அவளுக்கென்ன? கம்பீரமா, கொர்கொர்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

மறுநாள் குண்டம்மாவை ஆஸ்பத்திரி நடையில் மூன்று நிமிடம் வேகமாக நடக்கவைத்து, முன்னும் பின்னும் மூச்சைக் கேட்டார் டாக்டரம்மா. "இது குறட்டை இல்லீங்க. காத்துக்குத் திண்டாடுறா. ரொம்ப நாளாவே இருந்திருக்கும்."

"அத நான் துணைன்னு நெனச்சுட்டேன் டாக்டர்."

டாக்டரம்மா ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்.

தாய்க்கும் பிள்ளைக்கும் மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தி, தொண்டையில் தொங்கிய சதையை வெட்டியெடுத்தார்கள். இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். குண்டம்மாவுக்கு இனிக் குட்டி வேண்டாம் என்று தராசுக்காரரே சொல்லிவிட்டார்.

அந்த மாதம் மகன், "அடுத்த குட்டி என் ஃப்ரெண்டுக்குப்பா" என்றான்.

"இனிமே கெடையாதுப்பா." காரணத்தை முதலிலிருந்து சொன்னார்.

"ம்... சரி, மாத்திரை போட்டீங்களா?"

குண்டம்மா இப்போது சத்தமில்லாமல் மூச்சு விட்டது. முன்னெல்லாம் எழுந்திருக்கவே முனகும். இப்போது வாசல்வரை ஓடி வந்தது. அவருக்குத்தான் அந்த அமைதி பழகவில்லை. அது படுத்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, விலா ஏறி இறங்குகிறதா என்று கை வைத்துப் பார்ப்பார்.

டீச்சருக்கு அவரே போன் செய்தார். "நல்லாத்தான் ஓடுறான் சார்" என்றார் டீச்சர்.

"இருக்கட்டும் டீச்சர், ஒருவாட்டி பாத்துடுவோம்."

சனிக்கிழமை சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அரைமணி நேரம் முன்னதாகவே ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்துவிட்டார். சின்னவனுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. மூன்று நிமிடம் நடந்தும் மூச்சில் கோளாறில்லை. கிளம்பிய டீச்சரைத் தராசுக்காரர் நிறுத்தினார்.

"ரெண்டு வயசுல இடுப்புக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கணும் டீச்சர். அது அப்பதான் சரியாத் தெரியுமாம்."

"அதுக்கு இன்னும் எவ்ளோ நாள் இருக்கு சார்?"

"ஒம்பது மாசம்" என்றார். "நானும் வர்றேன்."