நாக்கால் மோடம் பார்த்தவர்

பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுதவெல்லாம் வரக்கூடாது. ஆனாலும் இவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னிக்கவும்.

தூத்துக்குடியில் துறைமுகம் போகிற சாலையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். இருப்பதிலேயே விலை குறைந்த, போன் லைனில் ஓடுகிற டயல்-அப் மோடம்தான் வாங்கிப் போட்டிருந்தேன். விடிந்தால் பிளஸ் டூ ரிசல்ட் என்றபோது அது செத்துவிட்டது. என் மகளின் ரிசல்ட்டையும் அதில்தான் பார்க்க வேண்டும்.

பழுது பார்க்க வந்தவருக்குப் பெரிய தொப்பை, காதிடுக்கில் ஸ்க்ரூடிரைவர். மீட்டர் எதுவும் கொண்டுவரவில்லை. மோடத்தைத் திறந்து உள்ளே இருந்த போர்டை நக்கினார்.

“உப்பு ஏறிட்டு. கடலப் பாத்த ஜன்னல்ல வச்சா மோடம் கருவாடாத்தான் போவும், அண்ணாச்சி.”

பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து முடித்தவர், போன் வயரையும் நாக்கில் வைத்தார். அந்த நேரம் பார்த்து யாரோ போன் செய்தார்கள். மணியடிக்கிற கரண்ட் நாக்கில் ஏற, மனிதர் ஸ்டூலோடு மல்லாந்துவிட்டார்.

“லைன் நல்லாருக்கு” என்றார், தரையில் கிடந்தபடியே.

“மோடம் தாங்குமா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“வெலைக்கு ஏத்த ஆயுசுதான். நாளைக்கு ஒருநாள் ஓடும். அதுக்குப் பெறவு எங்கிட்ட கேக்கக்கூடாது.”

உடம்பைக் கொடுத்து வேலை பார்க்கிறவர்கள் உண்டு. இப்படி நாக்கைக் கொடுத்தவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மறுநாள் முதல் டயலிலேயே இணைப்பு கிடைத்தது. மகள் கணக்கில் பெயில்.