பவளமக்கா பாரிசில் பசியிருந்த நாள்

எங்கள் வேலைத்தளத்தில், வரிசையில் நிற்கும்போது யாரும் கையுறையைக் கழற்றுவதில்லை. கழற்றினால் திரும்பக் கை கழுவ வேண்டும், திரும்ப மாட்ட வேண்டும். அதற்குள் பத்துத் தட்டுகள் எங்களைத் தாண்டிப் போய்விடும். அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் எங்கள் சுப்பர்வைசர் இரண்டு கையுறைகளையும் கழற்றிக்கொண்டே என்னிடம் வந்தார். என் தோளைத் தொட்டு, அலுவலகத் தொலைபேசியில் எனக்கு அழைப்பு என்றார். வரிசையில் என் பக்கத்தில் நிற்கும் பவளமக்காவுக்கு அன்று ஓய்வு நாள். பேசியது அவருடைய மகள் தர்சினி.

"அன்ரி, ஆர் யூ சிற்றிங்? முதல் இருங்கோ, ப்ளீஸ்" என்றாள். நான் இருக்கவில்லை. "அம்மா மத்தியானம் சாப்பிட்டிட்டுப் படுத்தவ. எழும்பேல்லை அன்ரி. பரமெடிக்ஸ் வந்து பாத்தவை. ஷீ இஸ் கோன்."

சரி என்று சொல்லிவிட்டு நான் திரும்ப உள்ளே போய், கை கழுவி, கையுறை மாட்டி, மிச்சத் தட்டுகளை அடுக்கத் தொடங்கினேன். விசர்த்தனம்தான். வேறு என்ன செய்வதென்று அந்த நேரம் எனக்குத் தெரியவில்லை.

பவளராணி என்று சொன்னால் கனடாவில் நாங்கள் இருக்கும் மல்வேர்னில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரியாது. பவளமக்கா என்றால் தெரியாதவர் இல்லை. உங்கள் வீட்டுச் சாமத்தியச் சடங்கில், பிறந்தநாளில், செத்த வீட்டில் கேட்காமலே வந்து குசினிக்குள் நின்றவர் அவர். அந்தப் பவளமக்காவைப் பற்றி நான் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை. உங்களுக்குத் தெரியாத ஒரு நாள் அவருக்கு இருந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் சமையற்கூடம் ஒன்றில் நானும் அவரும் பத்தொன்பது வருடங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். என் காரில்தான் போவோம், என் காரில்தான் வருவோம். தட்டில் சலாட்டை வைப்பது நான். முள்ளுக்கரண்டி, கத்தி, துணி எல்லாம் அவர். ஒருமுறை முந்நூறு தட்டுகள் முடிந்து வண்டிக்குள் ஏறிய பிறகு, ஒரு தட்டில் தான் முள்ளுக்கரண்டியைத் தலைகீழாக வைத்துவிட்டதாகச் சொல்லி வண்டியைத் திறக்கச் சொன்னார். "ஆரக்கா உதைப் பாக்கப் போகினம்?" என்று நான் எரிந்து விழுந்தேன். "சாப்பிடுறவை எங்களைக் காணமாட்டினம். அதுக்காக நாங்கள் அவையைக் காணாமல் விடுறதோ?" என்றார். கிடைத்தது இருநூற்றுப் பதினோராவது தட்டில். என்னைப் போல ஆளுக்கு இவர் பக்கத்தில் நிற்பது சிலவேளை பெரிய கரைச்சல்.

வண்டிகளில் எந்த நகரத்துக்குப் போகிறது என்று ஒட்டியிருக்கும். பாரிஸ் வண்டி வந்தால் மட்டும் அக்கா ஒருக்கால் நின்று பார்ப்பார். அவருடைய ஒரே தம்பி குணசீலன் அங்கேதான் இருக்கிறார். அக்கா ஒருமுறை பாரிசுக்குப் போய்ப் பத்து நாள் நின்றிருக்கிறார். "எப்பிடியக்கா பாரிஸ்?" என்று கேட்டேன். "பதினொரு வீட்டுச் சோபாவிலை இருந்திட்டு வந்தனான்" என்றார். நம்மவர்களின் ஐரோப்பியப் பயணம் எப்படியென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலையில் ஒரு வீட்டில் தேத்தண்ணி, மத்தியானம் ஒரு வீட்டில் சோறு, இரவு இன்னொரு வீட்டில் இடியப்பம். இடையில் காரின் கண்ணாடிக்குள்ளால் ஈபிள் கோபுரத்தின் நுனி தெரிந்ததாம்.

அந்தப் பயணத்தில்தான் வினையும் வந்தது. விமான நிலையத்திலிருந்து கூட்டிப்போக வந்த ஒரு மச்சாள், வழியில் தன் வீட்டில் இறக்கிப் பிட்டும் கறியும் கொடுத்திருக்கிறாள். அங்கே தம்பியின் மனிசி விடியவே எழும்பிச் சமைத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். கடல் தாண்டி வந்த அக்கா முதல் சாப்பாடு சாப்பிட வேண்டியது தம்பி வீட்டிலா, மச்சாள் வீட்டிலா? இதற்காகக் குணம் தம்பி ஐந்து வருடம் அக்காவோடு கதைக்கவில்லை. வெளியாருக்கு இது சிரிப்பாக இருக்கும். அக்கா அந்த ஐந்து வருடமும் தீபாவளிக்குப் போன் எடுத்துவிட்டு, மணி அடித்து ஓய்ந்ததும் வைத்துவிடுவார். அருகில் இருந்து பார்த்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலு வருடங்களுக்கு முன் தம்பியே போன் எடுத்தார். மகளுக்குக் கலியாணம், ஆனி மாதம், அக்கா இல்லாமல் நடக்காது என்றார். அக்கா என்னையும் வரச் சொன்னார். பிறகு ஒருநாள் நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் வாகனங்கள் அசையாமல் நின்ற நேரம் மெதுவாகச் சொன்னார்: "வசந்தி, சனிக்கிழமை வாறம் எண்டு தம்பிக்குச் சொல்லியிருக்கிறன். ரிக்கற் வெள்ளிக்கிழமைக்கு."

"ஏனக்கா?"

"ஒரு நாள் ஆருக்கும் அக்காவா இல்லாமல் பாரிசைப் பாக்கப் போறன். அவனுக்குத் தெரிஞ்சால் இந்த முறை செத்தாலும் கதைக்கமாட்டான். நீ வாயை மூடிக்கொண்டு வருவியோ?"

வாயை மூடுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனாலும் ஓம் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை இறங்கினோம். ஒரு சின்ன விடுதியில் பெட்டிகளை வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்ததும் வெதுப்பகத்து வாசம் என்னைப் பிடித்து இழுத்தது. நான் கதவில் கை வைத்துவிட்டேன். அக்கா வாசலிலேயே நின்றுகொண்டார். "நீ சாப்பிடு. எனக்கு இங்கை முதல் சாப்பாடு தம்பி வீட்டிலைதான்" என்றார்.

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். கைப்பையைத் திறந்து காட்டினார். மல்வேர்னில் பொரித்த மீன் கட்லட் பத்து, சம்பல் பூசிய பாண் துண்டுகள், ஒரு போத்தல் தண்ணீர். விமானத்தில் சாப்பிட்டது என்ன கணக்கு என்று கேட்டேன். "அது எங்கடை கிச்சின் சாப்பாடு. கனடாவிலை சமைச்சது" என்றார். ஒரு நாளைத் தம்பியிடமிருந்து களவெடுக்கிறார், அதே நாளில் தம்பிக்காக விரதமும் இருக்கிறார். இந்த மனிசியை என்ன செய்வது?

அன்று நாங்கள் நடந்த நடைக்கு என் முழங்கால் இன்றும் சாட்சி. கோபுரத்தின் அடியில் நின்று கழுத்து நோக மேலே பார்த்துவிட்டு, "உது கலண்டரிலை இருந்ததைவிட எவ்வளவோ பெரிசு" என்றார். செய்ன் நதியில் படகில் ஒரு சுற்று. ஒரு பூங்காவில் வாங்கில் இருந்து கட்லட் சாப்பிட்டோம். நான் வெண்ணெய்ப் பணிஸ் தின்று முடித்தபிறகு கட்லட்டிலும் பங்கு கேட்டேன். படம் எடுக்க மட்டும் விடவில்லை. "நீ எனக்கு அனுப்புவாய், தர்சினி பாப்பாள், அவள் எங்கையாவது போடுவாள், நாளைக்கு முழுப் பாரிசுக்கும் தெரியும்" என்றார். அதனால் அந்த நாளின் படம் ஒன்றுகூட யாரிடமும் இல்லை.

இரவானதும் தமிழர்களே வராத இடமாகப் பார்த்துப் போக வேண்டும் என்றார். தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இருந்து எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரம் போய், ஆற்றங்கரையில் பாட்டும் ஆட்டமுமாக இருந்த ஒரு உணவகத்தில் இருந்தோம். ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருந்தது. இருந்த கையோடு அக்கா மேசையில் முள்ளுக்கரண்டியையும் கத்தியையும் நேராக்கினார். பிறகு சிவப்பு வைன் கேட்டார். நான் வாயைப் பிளந்தேன். "குடிக்கிறது சாப்பாட்டுக்குள்ளை வராது" என்றார்.

தமிழர்கள் வராத இடமாம். பாரிசில் எந்த உணவகத்தின் குசினிக்குள் நம்மவர் இல்லை? நாங்கள் கதைத்தது உள்ளே கேட்டிருக்க வேண்டும். வெள்ளை உடுப்போடு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து, "அக்காமார் தமிழோ? ஊரிலை எவடம்?" என்று கேட்டார். வேறு எந்த ஊரையாவது சொல்லியிருக்கலாம். சுண்ணாகம் என்றிருக்கலாம், சாவகச்சேரி என்றிருக்கலாம். காலையிலிருந்து அத்தனை தந்திரம் செய்த பவளமக்கா, அந்தக் கேள்விக்கு மட்டும் ஊர், குறிச்சி, ஒழுங்கை வரை உண்மையைச் சொல்லிவிட்டார். இரண்டு நிமிடத்தில் அவர், "அப்ப நீங்கள் குணம் அண்ணையின்ரை அக்காவோ?" என்றார்.

அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து நானே கைகூப்பி, தம்பிக்குச் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். "சத்தியமாச் சொல்லமாட்டன்" என்றார். சொன்னதோடு நில்லாமல், அக்காவுக்கென்று கோழியும் உருளைக்கிழங்குமாக ஒரு தட்டைத் தானே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அக்கா அதைத் தொடவில்லை. அந்த மனிசன் அன்போடு தந்ததை அப்படியே திருப்பி அனுப்பினால் முகம் வாடிவிடுமே என்று நான் தட்டை என் பக்கம் இழுத்து, ஒரு துண்டு விடாமல் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டேன். வெறும் தட்டை அக்கா முன்னால் தள்ளியும் வைத்தேன்.

வெறும் வயிற்றில் ஒன்றரைக் கிளாஸ் வைன். அக்கா எழும்பினார். ஒரு கிழவர் கையை நீட்ட, சப்பாத்தோடு, சல்வாரோடு, அந்தக் கூட்டத்துக்குள் போய் ஆடினார். தாளம் பிசகாமல் ஆடினார் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவர் வாய் விட்டுச் சிரித்ததை அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. வைன் எனக்கும் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

மறுநாள் காலை செய்ததுதான் கூத்து. பெட்டிகளை இழுத்துக்கொண்டு ரயிலில் திரும்பவும் விமான நிலையத்துக்குப் போனோம். குணம் தம்பி பூக்கொத்தோடு பயணிகள் வெளியே வரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் பின்னாலிருந்து போய் அவர் தோளைத் தட்டினோம். "எந்தக் கதவாலை வந்தனீங்கள்?" என்று திகைத்தார். "உந்தப் பக்கத்தாலை" என்றார் அக்கா. தம்பி அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி விம்மினார். வீட்டுக்குப் போனதும் சாப்பாடு. கலியாணமும் ஒரு குறையில்லாமல் நடந்தது.

அதற்குப் பிறகு தம்பி போன் எடுப்பது குறைந்துபோனதை நான் கவனித்தேன். கேட்டால், "அவனுக்கு வேலை கூட" என்பார் அக்கா. நானும் விட்டுவிட்டேன். நாலு வருடம் விட்டுவிட்டேன்.

அக்காவை எரித்துவிட்டு வந்த அன்று மல்வேர்னில் அக்காவின் வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தோம். பாரிசிலிருந்து வந்திருந்த குணம் தம்பி குசினிக்குள் தனியாக நின்றார். நான் ஒரு தட்டைக் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "வசந்தியக்கா, கலியாணத்துக்கு வந்தப்பவும் அக்கா எங்கடை வீட்டிலை முதல் வாய் வைக்கேல்லை. முதல் நாள் இரவு ரெஸ்ரோரன்ரிலை தட்டு வழிச்சுச் சாப்பிட்டவவாம். அந்தக் குசினிப் பொடியன் ஒரு மாசம் மறைச்சுப்போட்டுச் சொன்னவன்."

நான் அகப்பையைக் கீழே வைத்தேன். "நீங்கள் அக்காட்டைக் கேட்கேல்லையோ?"

"கேட்டனான். போனிலை கேட்டனான். 'ஓம் தம்பி, பாரிஸ் பாத்தனான், நல்ல வடிவு' எண்டு மட்டும் சொன்னவ. வேறை ஒண்டும் சொல்லேல்லை."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கட்லட்டைச் சொன்னேன், வெதுப்பக வாசலைச் சொன்னேன், தட்டை வழித்தது நான் என்று சொன்னேன். அவர் நம்பியும் நம்பாமலும் பார்த்தார். பிறகு அங்கேயே நின்று பாரிசுக்குப் போன் எடுத்து, மனிசியிடம், கலியாணத்துக்கு வந்த அன்று அக்கா எத்தனை இடியப்பம் சாப்பிட்டவர் என்று கேட்டார். "பதினாலு" என்று எனக்கும் கேட்கும்படி வந்தது பதில். "நான் அவிச்சு முடிக்க முந்தி அவ சாப்பிட்டு முடிச்சிட்டா. நான் உங்களிட்டை அண்டைக்கே சொன்னனான், மனிசி பட்டினி கிடந்து வந்தமாதிரிச் சாப்பிடுறா எண்டு." குணம் தம்பி போனைக் காதில் வைத்தபடியே தரையில் இருந்துவிட்டார். முகத்தைத் துடைத்தபடி, "வைன் குடிச்சவவோ?" என்று கேட்டார். ஒன்றரைக் கிளாஸ் என்றேன். அழுகைக்கு நடுவில் சிரித்தார். இதை எழுதச் சொன்னதும் அவர்தான். பாரிசில் இருக்கும் சொந்தங்கள் எல்லாரும் வாசிக்க வேண்டுமாம்.

'நான் சாப்பிடேல்லை, வசந்திதான் சாப்பிட்டவள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்காவுக்குத் தம்பி திரும்பக் கிடைத்திருப்பார். என்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லையோ என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லத் தொடங்கினால், அந்த நாளுக்காக மன்னிப்பும் கேட்க வேண்டி வந்திருக்கும். வாழ்நாளெல்லாம் எல்லாருக்கும் விட்டுக்கொடுத்தவர், அந்த ஒரு நாளை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் எதற்கும் பத்து விளக்கம் சொல்கிறவள். பவளமக்காவிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்ள ஒன்றுதான் கேட்கிறேன்: என் வாழ்க்கையிலும் ஒரு நாளைப் பற்றி யாராவது கேட்கும்போது, ஓம், பார்த்தேன், நல்ல வடிவு என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்க எனக்குத் தெரிய வேண்டும்.