நேர்வழிப் பேச்சாளர்

கடல் ஆபத்தானது என்று கடற்றொழிலாளருக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையை இரண்டு வருடம் பார்த்தேன். மீன்குஞ்சுக்கு நீச்சல் பழக்கியவன் என்று எங்கள் ஊரான பள்ளிமுனையில் இன்னும் என்னைக் கேலி செய்வார்கள். செய்யட்டும், உண்மைதானே.

அவுஸ்திரேலியாவுக்குப் படகில் போய், நாட்டுக்குள் விடாமல் ஒரு தீவில் வைத்தே விமானத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருவன். என் கூட்டாளியும் அதே விமானத்தில்தான் வந்தான். இருவரும் ஒரே வள்ளத்தில் மீன்பிடித் தொழில் செய்தவர்கள். வந்து இறங்கியதும் களவாக நாட்டைவிட்டுப் போனதாக வழக்கு. அது முடியும்வரை கடவுச்சீட்டு கிடையாது. தவணைக்குத் தவணை நீதிமன்றம் போய் வந்தோம், வழக்கு நகரவில்லை.

அப்போதுதான் எங்கள் அரசாங்கமும் அவுஸ்திரேலிய அரசாங்கமும் சேர்ந்து நடத்திய ஒரு திட்டம் வந்தது. களவாகப் போகாதீர்கள், நேர்வழியில் போங்கள் என்று ஊர் ஊராகக் கூட்டம். அனுபவப்பட்டவன் பேசினால் எடுபடும் என்று என்னைப் பிடித்தார்கள். ஒத்துழைத்தவன் என்று நீதிமன்றத்துக்குக் கடிதம் தருவோம், கடவுச்சீட்டு கைக்கு வரும் என்றார் திட்ட அலுவலர். கட்டாருக்கு வேலைக்குப் போகலாம் என்று மனக்கோட்டை கட்டினேன். கூட்டாளியிடமும் சொன்னேன்: “பொறடா, எனக்குக் கடிதம் வந்தால் உனக்கும் எடுத்துத் தாறன்.” அவன் என் சொல்லை நம்பிப் பொறுத்தான்.

கொண்டச்சியில் பேசினேன், தோட்டவெளியில் பேசினேன். படகில் தண்ணீர் முடிந்த கதையைச் சொல்லும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தவேண்டும் என்று அலுவலர் பழக்கியிருந்தார். ஏன் போனேன் என்பதை மட்டும் சொல்லக்கூடாது. கடல் எல்லை தாண்டி வரும் எதிர்க்கரை இழுவைப்படகுகள் எங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போனதைச் சொல்ல வாயெடுத்தபோது, “அது வேற அமைச்சின்ர விசயம், தம்பி” என்றார். அந்தப் படகுகளிடம் எவரும் கடவுச்சீட்டுக் கேட்டதில்லை. கடிதத்துக்காக வாயை மூடிக்கொண்டேன்.

கடைசிக் கூட்டம் எங்கள் பள்ளிமுனைக் கோயில் மண்டபத்தில். அதற்கு முதல் கிழமைதான் அலுவலர் கையை விரித்திருந்தார். “வழக்குகளில நாங்கள் தலையிடேலாதாம். இந்தக் கூட்டத்தையும் பேசிவிடுங்கோ, மேலிடத்தில திரும்பக் கேட்டுப் பாக்கிறன்.” ஊருக்குத்தான் உபதேசம் என்று தெரிந்தும் போய்ப் பேசினேன். கூட்டாளி பின்வரிசைக் கதிரையில் இருந்தான். அவன் மனைவி முன்வரிசையில்.

கேள்வி நேரத்தில் அவள் எழும்பினாள். “அண்ணை, இவரும் உங்களோட திரும்பி வந்தவர்தானே. நேர்வழியாலதான் போகவேணும் எண்டு காத்துக்கொண்டு இருக்கிறார். உங்களுக்கு அந்தக் கடிதம் வந்திட்டுதோ?”

அலுவலர் என்னைப் பார்த்தார். மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் எனக்குப் பாடமாக்கிய பதில் இருந்தது.

“இல்லைத் தங்கச்சி. அது வராது. எங்கள் ரெண்டு பேருக்கும் நேர்வழி இல்லை.”

தேநீர் தயார் என்று அலுவலர் அவசரமாக அறிவித்தார். கூட்டாளி குடிக்காமலே எழும்பிப் போனான். நான் நிமிர்ந்து நடந்து வீட்டுக்குப் போனேன். இரண்டு வருடப் பொய்யை ஒரே வசனத்தில் கழுவிவிட்டேன் என்று பெரிய நினைப்பு எனக்கு.

அடுத்த மாதம் அவன் வேறொரு கரையிலிருந்து படகேறினான். அந்தப் படகைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

திட்டம் முடிந்ததும் வழுவழுப்பான தாளில் ஒரு புத்தகம் அடித்து எனக்கும் ஒன்று அனுப்பினார்கள். பள்ளிமுனைக் கூட்டத்தின் படம் அதில் இருந்தது, பின்வரிசையில் அவன். படத்தின் கீழே, நேர்வழியைத் தெரிந்துகொண்டவர்கள் என்று போட்டிருந்தார்கள். அவனுடைய கடைசிப் படம் அதுதான் என்று அவன் மனைவி கேட்டு வந்தாள். புத்தகத்தோடு கொடுத்தேன். அவள் படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

“நீங்கள் அண்டைக்கும் பொய்யே சொல்லியிருக்கலாம், அண்ணை” என்றாள்.