சிக்கெடுத்த நைனா

முனிகிருஷ்ணன் ஆந்திராவில் சித்தூர்ப் பக்கம் பங்காருபாளையத்தில் ஒரு மாங்காய் மண்டியில் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். அங்கே அவர் குரல் ரோடு வரைக்கும் கேட்கும். சொந்த ஊர் புத்தலப்பட்டில் வீட்டுக்குள் நுழைந்தால் பேச்சே இருக்காது. மகள் கன்னிகா பெரியவளான பிறகு அவளோடு எப்படிப் பேசுவது என்றே அவருக்குத் தெரியாமல் போயிற்று.

மனைவி மணியம்மாவுக்குத் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. கொரோனா வந்ததும் அவளை அந்த வார்டில் போட்டு, அங்கேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் அப்பாவும் பெண்ணும் மட்டும். மணியம்மா வேலை செய்யும் இடம் தெரிந்து, தெருவில் யாரும் அந்த வாசலை மிதிக்கவில்லை. எதிர்வீட்டு ஹரிப்ரியா, கன்னிகாவோடு ஒன்றாகவே வளர்ந்தவள், ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். முனிகிருஷ்ணனையும் மண்டிக்குக் கொஞ்ச நாள் வரவேண்டாம் என்றார்கள்.

கன்னிகா பத்தாவது. ஸ்கூல் ஃபர்ஸ்ட் வரவேண்டும் என்று விழுந்து விழுந்து படித்தவள். பரீட்சையே கிடையாது, எல்லோரும் பாஸ் என்று அறிவித்தபோது தெருப் பிள்ளைகள் கூத்தாடினார்கள். அவள் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். சோறு வைத்த தட்டு காய்ந்து கிடந்தது. அம்மா போன் செய்தால் ‘ம்’ என்பதோடு சரி.

"அவ கொரலே சரியில்ல. கிட்ட ஒக்காந்து பேசுய்யா," என்றாள் மணியம்மா.

"இன்னா பேசுறது?"

"எதனா பேசு. இல்லைனா சும்மா ஒக்காந்துக்கினு இரு."

போனை வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். எத்தனை நாளாய் வாராத தலையோ, சடை பிடித்துப் போயிருந்தது. எண்ணெயும் சீப்பும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எழுந்து ஒக்காரும்மா."

"வேணாம் நைனா."

அவர் நகரவில்லை. கடைசியில் எழுந்து உட்கார்ந்தாள். அவர் உச்சியிலிருந்து ஓர் இழு இழுத்தார். அவள் அலறினாள்.

"கீழ இருந்து வாரணும். அம்மா அப்டித்தான் வாரும்."

பல நாளில் அவள் சேர்ந்தாற்போல் பேசியது அவ்வளவுதான். அவர் நுனியைப் பிடித்து மெதுவாகச் சிக்கெடுத்தார். மூட்டை தூக்கிக் காய்த்த விரல்களில் முடி மாட்டிக்கொண்டது. வெகுநேரம் கழித்து, திரும்பிப் பார்க்காமலே அவள் சொன்னாள்:

"நான் செத்துப் போனாகூட யாருக்கும் தெரியாது நைனா."

அவர் கை நின்றது. திட்டத்தான் வாயெடுத்தார். திட்டவில்லை.

"எனக்குத் தெரியும். நீ பொரண்டு படுத்தாகூட வெளிய எனக்குக் கேக்குது. நான் தூங்கறதே இல்லம்மா. எனக்கும் பயமாத்தான் கீது."

கன்னிகா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் உடம்பு குலுங்க அழுதாள். தயங்கித் தயங்கி அவர் அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். வராத சிக்கை மறுநாள் கத்தரியால் வெட்டியெடுத்தார்கள்.

மணியம்மா சொல்லி, அவள் ஆஸ்பத்திரியின் மனநல டாக்டரம்மா போனிலேயே கன்னிகாவோடு பேசினார். அதன் பிறகும் கன்னிகா சில நாள் சாப்பிட்டாள், சில நாள் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய கதவுக்கு வெளியே முனிகிருஷ்ணன் உட்கார்ந்திருப்பார். மாங்காய் சீசன் முடிந்த பிறகு மணியம்மா வீட்டுக்கு வந்தபோது, மகளைத் தொடப் பயந்து வாசலிலேயே நின்றாள். கன்னிகாதான் போய்க் கட்டிக்கொண்டாள்.

இப்போது அவள் சித்தூரில் காலேஜ் படிக்கிறாள். இன்னமும் சில சாயங்காலங்களில் முகம் இருண்டு வீடு வருவாள். வந்து அப்பா பக்கத்தில் உட்காருவாள். முனிகிருஷ்ணன் எதுவும் கேட்காமல் டிவியை நிறுத்திவிட்டுக் கூடவே உட்கார்ந்திருப்பார்.