புளிப்பு மிட்டாயும் சித்தியின் முன்பற்களும்

நான் வீட்டைவிட்டுக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அம்மா கோபத்தில் பேருந்து நிலையத்துக்கு வரவில்லை. அப்பா வந்தார், பெட்டியை ஏற்றிவிட்டுத் தூணோடு தூணாக நின்றுகொண்டார். என்னை வாய்விட்டு வழியனுப்பியது கூரையில் தொங்கிய ஒலிபெருக்கி மட்டும்தான்.

"விமான நிலையம் செல்லும் பேருந்து நான்காம் நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது."

பேசியது என் சித்தி, அம்மாவின் தங்கை. அந்த நிலையத்தின் அறிவிப்பாளர். அக்கா மகள் ஏறும் வண்டி என்பதற்காக அவள் குரல் இம்மியும் மாறவில்லை. ஆனால் முந்தின நாள் முழுக்க எனக்காக அம்மாவோடு மல்லுக்கட்டியவள் அவள்தான்.

"போயிட்டு வரட்டும்க்கா. கட்டிப்போட்டா மட்டும் இவ கால் ஒரு இடத்துல நிக்குமா?"

அந்தப் பேச்சின் தயவில்தான் நான் இத்தனை வருஷம் ஊர் ஊராகச் சுற்றினேன்.

சித்தியின் அறை ஒரு கண்ணாடிக் கூண்டு. மைக்கும் ஒரு நாற்காலியும் வைத்தால் கால் நீட்ட இடமிருக்காது. வேலை முழுக்கப் பேச்சு என்பதால் தொண்டை காய்ந்துபோகும்; ஆகவே வாயில் எப்போதும் ஒரு மிட்டாய். சர்க்கரை மிட்டாயால் ஒரு காலத்தில் கடைவாய்ப் பற்கள் இரண்டு சொத்தையாயின. பல் டாக்டர் அவற்றை அடைத்துவிட்டு, "மிட்டாய் வேணும்னா சர்க்கரை இல்லாததா வாங்குங்க" என்றார். அன்றிலிருந்து பாக்கெட்டைத் திருப்பிப் படிக்காமல் சித்தி எதையும் வாங்கியதில்லை. கடைசியில் பிடித்துப்போனது ஒரு எலுமிச்சை மிட்டாய்.

நான் திரும்பி வந்து இறங்கிய அன்று, ஒலிபெருக்கி கிழிந்துவிட்டது என்று நினைத்தேன். 'செல்லும்' என்ற சொல் வரும்போதெல்லாம் கூடவே ஒரு விசில். பக்கத்து பெஞ்சில் இருந்த கல்லூரிப் பையன்களில் ஒருவன், "டேய், விசில் அக்கா டூட்டிக்கு வந்துட்டாங்கடா!" என்றான். மற்றவர்கள் அதேபோல் ஊதிக் காட்டினார்கள்.

கூண்டுக்குள் சித்தி வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். கையை விலக்கிப் பார்த்தேன். மேல் முன்பற்கள் இரண்டும் குட்டையாகி, விளிம்பு கண்ணாடிபோல் மெலிந்திருந்தன.

"என்ன சித்தி இது?"

"வயசாகுது, வேற என்ன? நீ உக்காரு முதல்ல. எலும்பும் தோலுமா வந்து நிக்கிற."

கிண்டிக் கிளறியதில் விஷயம் வெளியே வந்தது. ஊர்ப் பெயர் சரியாகக் கேட்காமல் இரண்டு பேர் வேறு வண்டியில் ஏறிப் போய்விட்டார்களாம். மாதக் கடைசியில் சித்தியைச் சாமான் அறைக்கு மாற்றிவிட்டு, மைக்கை இன்னொரு பெண்ணிடம் கொடுக்கப் போகிறார் மேலாளர்.

"அவர் மேல தப்பில்லடி. நல்ல மனுஷன், கெஞ்சாத குறையாத்தான் சொன்னார்." சொல்லும்போதே மைக்கின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்காலியை விட்டால் சித்தி பாதி ஆளாகிவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

"பல் டாக்டர்கிட்ட போனியா?"

"போனா சர்க்கரை தின்னியான்னு திட்டுவாங்க. செய்யாத தப்புக்கு நான் எதுக்குத் திட்டு வாங்கணும்?"

தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா முதலில் கடைவாயைப் பார்த்தார்.

"அருமை! புதுசா ஒரு சொத்தைகூட இல்ல."

சித்தி, கேட்டாயா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டர் மேல் உதட்டைத் தூக்கினார். முகம் மாறியது.

"இது சொத்தை இல்லம்மா, கரைஞ்சிருக்கு. எலுமிச்சம்பழத்தைக் கடிச்சுத் தின்பீங்களா?"

"பழமா? இது மட்டும்தான் டாக்டர். சத்தியமா சர்க்கரை இல்ல, படிச்சுப் பாருங்க."

நீட்டிய பாக்கெட்டை டாக்டர் படித்தார். "சர்க்கரை இல்ல, சரி. புளிப்புக்கு அமிலம் போட்டிருக்கானே! ஆனா இந்த ரெண்டு பல்லு மட்டும் ஏன்? மிட்டாயை வாய்ல எங்க வெப்பீங்க?"

சித்தி ஒன்றைப் பிரித்து, மேல் உதட்டுக்கும் முன்பல்லுக்கும் நடுவே லாவகமாகச் செருகினாள். "நாக்குல போட்டா கடகடன்னு மைக்ல கேக்கும்ல? எங்க வேலையில எல்லாரும் இங்கதான் ஒளிச்சு வெப்போம்."

டாக்டர் சிரித்துவிட்டார். "துப்புங்க அதை! டூட்டி முழுக்க முன்பல்லை ஊறப்போட்டிருக்கீங்க."

பிறகு பொறுமையாக விளக்கினார். சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பை வைத்துப் பல்லரிக்கும் கிருமியால் அமிலம் உண்டாக்க முடியாது. கடைவாய் பிழைத்தது அதனால்தான். ஆனால் மிட்டாயிலேயே இருக்கும் புளிப்புக்குக் கிருமியின் தயவு வேண்டாம். அது நேராகவே எனாமலைக் கரைக்கும். சொத்தைக்குப் பயந்து, டூட்டி முடிந்த கையோடு சித்தி அழுத்தி அழுத்திப் பல் தேய்த்தது இன்னும் மோசம், இளகியிருந்ததையும் சுரண்டிவிட்டது.

"அப்ப என் தொண்டை?"

"தண்ணி குடிங்க. சைலிட்டால்னு பல்லைக் கெடுக்காத ஒரு இனிப்பு, அதுல செஞ்ச புளிப்பில்லாத மாத்திரை இருக்கு, அதைப் போட்டுக்குங்க. போன எனாமல் திரும்பி வராது. ஆனா பல் நிறத்துலயே ஒரு பசை இருக்கு, அதை மேல பூசி நீளத்தைச் சரிபண்ணிடலாம்."

திட்டு ஒன்றுகூட விழவில்லை. வெளியே வந்ததும் சித்தி அழுதாள்.

பல் சரியானது, பேச்சு உடனே சரியாகவில்லை. புதுப் பல்லுக்கு நாக்கு பழகாமல் மழலைபோல் வந்தது. மாதம் முடிந்தது, சித்தி சாமான் அறைக்குப் போனாள். போகும் முன் மைக்குக்கு வந்த பெண்ணின் உதடு லேசாகப் புடைத்திருப்பதைப் பார்த்து, "துப்புடி முதல்ல!" என்று அதட்டியிருக்கிறாள். அந்தப் பெண் பயந்துபோய்த் துப்பிவிட்டு, பிறகு காரணத்தைக் கேட்டுக்கொண்டாள். அவளை நான் மறக்க மாட்டேன். மேலாளரைப் பார்க்கும்போதெல்லாம், "அக்காவை ஒருதரம் பேசவெச்சுக் கேளுங்க சார்" என்று விடாமல் நச்சரித்தவள் அவள். சித்தியோ மூட்டைகளுக்கு அட்டை கட்டியபடியே ஊர்ப் பெயர்களை முணுமுணுத்துப் பழகினாள்.

இதெல்லாம் நடந்து பல மாதங்கள் கழித்து, மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது சித்தியின் குரல் செய்தி வந்தது.

"கண்ணு, சார் கேட்டுட்டு சரின்னுட்டார்டி. திங்கக்கிழமைலேர்ந்து காலை டூட்டி எனக்கு, சாயங்காலம் அந்தப் பொண்ணுக்கு. டாக்டர்கிட்ட நீயே சொல்லிடு, நான் சொன்னா அழுதுடுவேன். சரி சரி, வெக்கிறேன். சாமான் வந்து நிக்குது."